சீப்புல வர்ற முடியும் ஊசியால போற முடியும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில 27 வருஷமா சலூன் வச்சிருக்கேன். உங்க பேப்பர்தான் கடைக்கு வாங்குறது. காலையில 6 மணிக்கு வந்துரும், 9 மணிக்குள்ள பக்கம் பக்கமா பிரிஞ்சி ஆளுக்கொரு தாள் கையில இருக்கும், சினிமா பக்கத்துக்கு மட்டும் சண்டை நடக்கும். சாயந்திரம் எல்லாத்தையும் அடுக்கி வீட்டுக்கு கொண்டு போவேன், எங்கம்மா வாசிப்பாவ. போன வாரம் முடி கொட்டுறத பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, கறிவேப்பிலை வெந்தயம்னு வழக்கமா வர்ற சமாச்சாரம் போக நாலு உருப்படியான விஷயமும் இருந்துச்சு. ஆனா நடுவுல ஒரு வரி, ஸ்டீராய்டு எடுத்தா முடி கொட்டும், எடுக்குறவங்க உடனே நிறுத்தணும்னு. எந்த ஸ்டீராய்டுன்னு ஒரு வார்த்தை இல்ல. அந்த ஒத்த வரி எங்க வீட்டுக்குள்ள வந்து என்ன பண்ணுச்சின்னு சொல்லத்தான் இத போன்ல டைப் பண்ணுதேன். நீளமா போயிருச்சின்னா வெட்டிக்கோங்க, வெட்டுறது எனக்கும் தொழில்தான், தப்பா நெனைக்க மாட்டேன்.

எங்கம்மாவுக்கு 68 வயசு, முடக்குவாதம். ரெண்டு வருஷமா டாக்டர் எழுதி குடுத்து ப்ரெட்னிசலோன் மாத்திரை தெனமும் போடுதாவ, கூடவே வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் மெத்தோட்ரெக்ஸேட், எங்க வீட்டுல அதுக்கு பேரு ஞாயித்துக்கிழமை மாத்திரை. கொஞ்ச நாளாவே கொண்டை சின்னதாயிட்டுன்னு பொலம்பிக்கிட்டு இருந்தாவ. உங்க கட்டுரைய வாசிச்சிருக்காவ, இந்த தெனமும் போடுற மாத்திரை ஸ்டீராய்டு பாத்துக்கோங்கன்னு மருந்துக்கடை பையன் எப்பவோ சொன்னது ஞாபகம் வந்திருக்கு, யார்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம நிறுத்திட்டாவ. மூணாம் நாள் காலையில எந்திரிக்க முடியல, வாந்தி, கண்ணு இருட்டுது, மூட்டெல்லாம் கொப்பரை மாதிரி வீங்கிட்டு. ஆட்டோ புடிச்சி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனோம். பிரஷர் தரையில கெடக்கு. என்ன மாத்திரை நிறுத்துனியன்னு டாக்டரம்மா கேட்ட பொறவுதான் எங்களுக்கே விஷயம் தெரியும்.

அந்த டாக்டரம்மா எனக்கு புரியுற மாதிரி சொன்னாவ. நம்ம உடம்புலயே கார்டிசால்னு ஒண்ணு ஊறுது, சிறுநீரகத்துக்கு மேல தொப்பி கவுத்த மாதிரி இருக்குற அட்ரீனல் சுரப்பிதான் அத ஊறவைக்குது. ப்ரெட்னிசலோன் அந்த இனத்து மருந்து. மாசக்கணக்குல வெளியிலருந்து மாத்திரை வந்துக்கிட்டே இருந்தா, வாய்க்கால் தண்ணி வருதுன்னு கெணத்து மோட்டார ஓட்டாம போட்ட கதை, சுரப்பி தன் வேலைய கொறைச்சிரும். திடீர்னு வாய்க்கால அடைச்சா மோட்டார் உடனே ஓடாது. அதனாலதான் கொறைக்கணும்னா டாக்டர் பாத்து பைய பையதான் கொறைக்கணும், நம்மளா நிறுத்துனா உயிருக்கே ஆபத்துன்னாவ. அம்மாவ ரெண்டு நாள் வச்சிருந்து அனுப்புனாவ, இப்ப தேவலை.

இதுல இன்னொரு கூத்து, அம்மாவுக்கு முடி கொட்டுனதுக்கு அந்த ஸ்டீராய்டு மாத்திரை மேல பெரிய சந்தேகமே டாக்டரம்மாவுக்கு இல்ல. ஞாயித்துக்கிழமை மாத்திரைக்குத்தான் முடி கொட்டுற குணம் உண்டுன்னாவ. அந்த மாத்திரையோட பக்க விளைவு கொறையத்தான கூட ஃபோலிக் ஆசிட் எழுதியிருக்கு, போடுதியளான்னு கேட்டாவ. அம்மா திருதிருன்னு முழிக்காவ. சின்னதா மஞ்சளா இருக்கு, சத்து மாத்திரைதானன்னு அத டப்பாவுலயே விட்டுட்டாவ. ஆக போட வேண்டியத போடல, நிறுத்தக் கூடாதத நிறுத்தியாச்சு.

அப்ப நீங்க எழுதுன ஸ்டீராய்டு எது? அது வேற குடும்பம். ஜிம்முல கைய ஏத்துறதுக்கு ஊசி போடுதானுவளே அது. அனபாலிக்னு சொல்லுதாவ, ஆம்பளை ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோனும் அதோட பங்காளிகளும். மூட்டுக்கும் மூச்சுத்திணறலுக்கும் தோலுக்கும் டாக்டர் குடுக்குறது கார்டிசால் குடும்பம். ரெண்டுக்கும் வேதியியல் அமைப்புல ஒரு சாயல் உண்டு, அதனாலதான் ஒரே பேரு, ஆனா செய்யுற வேலை வேற வேற, நம்ம ஊர்ல தெருவுக்கு நாலு சுடலைமுத்து இருக்குற மாதிரி. இன்னும் சொன்னா, புழுவெட்டு விழுந்து தலையில காசு அளவுக்கு வட்டமா மொட்டையாகுதே, அதுக்கு தோல் டாக்டர் அந்த எடத்துலயே ஊசி போடுறது ட்ரையாம்சினலோன்ங்கிற ஸ்டீராய்டுதான். முடி மொளைக்கிறதுக்கே போடுறது. எங்கம்மா மாதிரி ப்ரெட்னிசலோன் கனமா எடுக்குற சில பொம்பளையாளுக்கு மூஞ்சி உப்பி, கன்னத்துல பூனை முடி கூட மொளைக்கும்.

சரி, இது வீட்டுக் கதை. கடைக்கு வாரேன்.

எனக்கு டாக்டர் படிப்பு இல்ல, ஆனா 27 வருஷம் தலைய மேல இருந்தும் பின்னாடி இருந்தும் பாக்குறவன் நான். ஒருத்தன் தன் தலைய கண்ணாடியில முன்னாடி மட்டும்தான் பாக்கான், உச்சியும் பிடறியும் எனக்குத்தான் தெரியும். எங்க தாத்தா காலத்துல முடி வெட்டுறவருதான் கட்டி கீறுறதும் பச்சிலை கட்டுறதும், அந்தப் பெருமையெல்லாம் போச்சு, ஆனா கண்ணு போகல. இன்னொண்ணும் சொல்லிருதேன், நானே சொட்டை. முடி வளர எண்ணெய் சொல்லுங்க அண்ணாச்சின்னு கேக்குறவன் என் தலைய பாத்ததும் பேச்ச மாத்திருவான்.

போன மாசி மாசம் ஒரே நாள்ல ரெண்டு பயலுவ வந்தானுவ. ஒருத்தன் மேலப்பாளையம், செல்போன் கடையில நிக்கான். வந்ததும் வராததுமா பர்ஸுக்குள்ள இருந்து ஒரு பிளாஸ்டிக் கவர எடுத்து காட்டுனான், உள்ள முடி. ஒரு நாள்ல விழுந்தது அண்ணாச்சி, எண்ணுனேன், 240 இருக்கு, இன்னும் ஆறு மாசத்துல நான் மொட்டைன்னு அழாத குறை. நான் அவன் தலைய விரிச்சி பாத்தேன். முன்நெத்தி இருந்த எடத்துலயே இருக்கு. உச்சி, பக்கவாட்டு, பிடறி எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி கொறைஞ்சிருக்கு. இருக்குற முடி எல்லாம் ஒரே தடிமன். லேய், கார்த்திகையில உனக்கு என்ன செஞ்சிதுன்னு கேட்டேன். டெங்கு, ஒரு வாரம் பெட்டுல கெடந்தேன்ங்கான். அவ்வளவுதான் விஷயம்.

இத புரிஞ்சிக்க ஒரு கணக்கு இருக்கு. தலையில சுமாரா 1 லட்சம் முடி. ஒவ்வொரு முடியும் ரெண்டுலருந்து ஆறு வருஷம் வளரும், பொறவு ஒரு மூணு மாசம் சும்மா ஒக்காந்திருக்கும், பொறவு விழும், அதே குழியில புதுசு மொளைக்கும். எப்பவும் பத்துல ஒரு பங்கு, அதாவது 10,000 முடி ஓய்வுல இருக்கும். 100 நாள்ல 10,000 விழுந்தா நாளைக்கு 100. நீங்க கட்டுரையில போட்டிருந்த 50லருந்து 100 வரை சாதாரணம்ங்கிறது இந்தக் கணக்குதான். காய்ச்சல், டைஃபாய்டு, ஆபரேஷன், பிரசவம், பட்டினி கெடந்து எளைக்கிறதுன்னு உடம்பு ஆட்டம் கண்டா, வளந்துக்கிட்டு இருக்குற முடியில நெறைய ஒரே நேரத்துல ஓய்வுக்கு போயிரும். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு மூணு மாசம் கழிச்சி எல்லாம் சேந்து கொட்டும், காய்ச்சல் வந்ததே மறந்திருப்பான். பிள்ளை மொகம் பாத்து சிரிக்க ஆரம்பிச்சா ஆத்தாளுக்கு முடி கொட்டும்னு நம்ம பாட்டிமாரு சொல்லுவாவள்ல, பிள்ளை சிரிக்கிற மாசமும் இந்த மூணு மாசமும் ஒண்ணா வருது, பிள்ளை மேல பழி.

அந்தப் பய பயந்ததுக்கு இன்னொரு காரணம், வேரோட வந்துட்டுங்கான். முடி நுனியில வெள்ளையா குண்டூசி தலை மாதிரி இருக்குமே அதத்தான் வேருங்கான். அது வேர் இல்ல, முடிஞ்சி விழுற முடியோட அடி. வேரு உள்ளதான் இருக்கு. அவன் நெத்தி ஓரத்துல சீப்பு வச்சி தூக்கி காட்டுனேன், அரை அங்குலத்துக்கு குட்டி குட்டியா புதுசு நட்டமா நிக்கி. வெட்டுன முடி நுனி மொட்டையா இருக்கும், புதுசா மொளைச்சது ஊசி மாதிரி கூரா இருக்கும், எங்க தொழில்ல இருக்குறவனுக்கு இது கை தடவுனா தெரியும். ஆறு மாசத்துல சரியாகிரும், முட்டை பயறு தின்னு, அப்படியும் நிக்கலன்னா ரத்தத்துல இரும்புச்சத்தும் தைராய்டும் பாருன்னு அனுப்புனேன். அவன் நம்புன மாதிரி தெரியல.

ரெண்டாவது வந்தது எங்கக்கா மவன், 23 வயசு. அவனுக்கு முடியே கொட்டல. சீப்புல இல்ல, தலையணையில இல்ல. மாமா முன்னாடி மட்டும் கை வைக்காதிய, அப்படியே முன்னால வாரி விடுங்கன்னான். இந்த வார்த்தைய கேட்டாலே எனக்கு பொறி தட்டிரும். முன்நெத்திய தொடாதீங்கன்னு சொல்றவன் நெத்தியில எதையோ மறைக்கான். தூக்கி பாத்தேன், ரெண்டு பக்க நெத்திப்பொட்டும் ஏறிப்போயி நடுவுல மட்டும் நாக்கு மாதிரி நிக்கி, உச்சியில உள்ளங்கை அகலத்துக்கு தோலு மினுங்குது. மிஷின் போட்டதும் துண்டுல விழுந்த முடிய விரல்ல எடுத்து பாத்தேன். பிடறியில இருந்து வந்தது நல்ல தடிசா கருப்பா இருக்கு, உச்சியில இருந்து வந்தது பாதி நூலு மாதிரி, நீளமும் சமமா இல்ல. நாலு மாசத்துக்கு முன்ன இதே தலைய நான்தான் வெட்டுனேன், அப்ப இப்படி இல்ல.

இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. கொத்து கொத்தா கொட்டுதுன்னு அலறுறவனுக்கு பெரும்பாலும் திரும்பி வந்துரும். எங்கக்கா மவனுக்கு வந்த சொட்டை வகையில முடி ஒரேயடியா கொட்டணும்னே இல்ல, ஒவ்வொரு சுத்துலயும் முன்னதவிட மெலிசா, குட்டையா மொளைக்கும், கடைசியில பூனை முடியாகி அப்புறம் அதுவும் இல்ல. கவர்ல போட்டு காட்ட அவன்ட்ட ஒண்ணும் இருக்காது.

துண்டு கட்டுறதுக்கு சட்டை காலர எறக்குனேன், தோளு முதுகு பூராவும் பரு, செவசெவன்னு. மூஞ்சியில எண்ணெய் வழியுது. கை ரெண்டும் பலாக்கொட்ட மூட்டை மாதிரி. என்னல ஊசியான்னேன். இல்ல மாமா புரோட்டீன் பவுடர்தான், வீட்டுல போர் தண்ணி மாமா, ஹெல்மெட் மாமாங்கான். எலேய், தண்ணிக்கு எது முன்நெத்தி எது பிடறின்னு தெரியுமால, தலை பூராவும்தான ஊத்துத, உப்புத்தண்ணி முடிய சொரசொரப்பாக்கும், நுனிய ஒடிக்கும், உச்சிய பாத்து பாத்து சொட்டையாக்குமான்னேன். வாய தொறக்கல. அப்புறம் கடை அடைக்கிற நேரம் திரும்ப வந்து சொன்னான், ஜிம்முல ஒரு அண்ணன் மூலமா நாலு மாசமா டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் ஸ்டனோசோலால்ங்கிற அனபாலிக் மாத்திரையும். டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாத சரக்கு, எங்கிருந்து வருதோ. ஜிம்மு பேரு நான் சொல்லல, ஒண்ண சொல்லி பிரயோசனம் இல்ல.

அவனையும் தோல் டாக்டர்ட்ட இழுத்துட்டு போனேன், ஓபி சீட்டு எடுத்து ரெண்டு மணி நேரம் நின்னு. அவரு முதல்ல என் தலைய பாத்தாரு, பொறவு அவன் தலைய பாத்து சிரிச்சாரு. இவனுக்கு நீங்க தாய்மாமனா, உங்கப்பாவுக்கும் இப்படித்தானான்னாரு. எங்கப்பாவுக்கு 40ல உச்சி தெரிஞ்சிட்டு, எனக்கு 38. அப்பா வழியையும் கேட்டாரு, ரெண்டு பக்கத்துல இருந்தும் வருமாம், அம்மாவ பெத்த தாத்தா வழி மட்டும்னு சொல்றது அரைகுறை. டெஸ்டோஸ்டிரோன் உடம்புல டிஎச்டின்னு இன்னொரு ஹார்மோனா மாறுது, பொட்டுலயும் உச்சியிலயும் இருக்குற முடிக்குழிதான் அதுக்கு பணிஞ்சி சுருங்கும், பிடறி குழி பணியாது. முடி நடுறவங்க பிடறியில இருந்து எடுத்து முன்னாடி நடுறது அதனாலதான். 1942லயே அமெரிக்காவுல ஹாமில்டன்னு ஒருத்தர் எழுதி வச்சிருக்காராம், வயசுக்கு வரும் முன்னயே விதை எடுக்கப்பட்ட ஆம்பளையாளுக்கு சொட்டை விழல, அவங்களுக்கு ஆம்பளை ஹார்மோன் ஊசி போட்டா குடும்பத்துல சொட்டை இருக்குறவனுக்கு விழ ஆரம்பிச்சிட்டுன்னு. அதாவது என் மருமவனுக்கு 40ல வர வேண்டியது 23ல வந்திருக்கு. சொட்டை வாரிசே இல்லாத பய அதே ஊசிய போட்டு தலைமுடியோட திரிவான், அவன காட்டித்தான் அந்த அண்ணன் யாவாரம் பண்ணுதாரு.

இவன் டாக்டர்ட்டயே கேக்கான், ஃபினாஸ்டரைட் மாத்திரை கூட போட்டுக்கிட்டா பிரச்சனை இல்லன்னு ஜிம்முல சொன்னாங்களேன்னு. டாக்டருக்கு கோவம் வந்துட்டு. அந்த மாத்திரை டெஸ்டோஸ்டிரோன் டிஎச்டியா மாறுறத தடுக்கும், 1997லருந்து சொட்டைக்கு குடுக்குறாங்க, சரிதான். ஆனா நீ முழுங்குற ஸ்டனோசோலால் ஏற்கெனவே டிஎச்டியோட வாரிசு, மாறுறதுக்கு அங்க என்ன இருக்கு தடுக்கன்னாரு. நாண்ட்ரோலோன்ங்கிற இன்னொரு அனபாலிக் ஊசியோட இந்த ஃபினாஸ்டரைட்ட சேத்தா இன்னும் மோசமாகவும் வாய்ப்பு உண்டாம். பொறவு என்னைய வெளிய நிக்கச் சொல்லிட்டு அவன்ட்ட தனியா பேசுனாரு. வெளிய வந்தவன் மூஞ்சி செத்துப்போச்சு. நெஞ்சுல பொம்பளைப்பிள்ளை மாதிரி சதை வைக்கிறது, கீழ சுருங்குறது, விந்து கொறையுறதுன்னு அந்த பேச்சா இருக்கும், நான் கேக்கல. ஈரலுக்கும் கொழுப்புக்கும் ஹார்மோனுக்கும் ரத்தம் எடுக்க எழுதியிருந்தாரு. இதையும் நிறுத்தணும், ஆனா உடம்பு தன் சொந்த ஹார்மோன திரும்ப ஊற வைக்க மாசக்கணக்காகும், அதனால பாத்துதான் நிறுத்தணும்னு தேதி போட்டு வரச்சொன்னாரு.

ரெண்டும் கலந்தும் வரும், அதையும் சொல்லணும். போட்டிக்கு முன்ன சோறே தொடாம, கோழி நெஞ்சும் வெள்ளரிக்காயுமா கெடந்து எளைக்கிறானுவ, அந்தப் பட்டினிக்கே மூணு மாசம் கழிச்சி தலை பூராவும் கொட்டும், ஊசியால உச்சியும் போகும். அப்ப நான் பாத்து சொல்ல முடியாது, டாக்டர் கருவி வச்சி பாக்கணும். பொம்பளைப்பிள்ளைகள பத்தி எனக்கு அதிகம் தெரியாது, எங்க கடைக்கு வாரதில்ல. என் மவ சொன்னது மட்டும், வெள்ளிக்கிழமை மட்டும் தலைக்கு ஊத்துறவளுக்கு அன்னைக்கு கையளவு வரத்தான் செய்யும், ஆறு நாள் விழ வேண்டியது சிக்குல மாட்டி கெடந்து ஒண்ணா வருது. வெள்ளையாகணும்னு மருந்துக்கடையில சீட்டு இல்லாம வாங்குற கிரீம்ல ஸ்டீராய்டு இருக்குன்னும் சொன்னா, அது கார்டிசால் குடும்பம், தோல மெலிசாக்கி செவக்க வச்சி மூஞ்சியில முடி மொளைக்க வைக்கும். தலை முடிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

மருமவன் நிறுத்தி இப்ப அஞ்சு மாசம். டாக்டர் மினாக்சிடில் எழுதி குடுத்திருக்காரு, ராத்திரி தடவுதான். ஆரம்பிச்ச மூணாவது வாரம் கடைக்கு ஓடி வந்தான், உள்ளங்கையில முடிய வச்சிக்கிட்டு, மாமா இப்பதான் கொட்டுதுன்னு. பழைய முடி விழுந்து புதுசுக்கு எடம் விடும், மொத ஒண்ணு ரெண்டு மாசம் அப்படித்தான்னு டாக்டர் முன்னயே சொல்லியிருந்தாரு, இவன் காதுல வாங்கல. உச்சி நெறையுமான்னு தெரியாது, பொட்டு ஏறுனது எறங்காதுன்னு நான் சொல்லிட்டேன். முன்னாடி இப்ப கை வைக்க விடுதான்.

அய்யா, திருத்தம் ஒண்ணு போடுங்க. டாக்டர் எழுதி குடுத்த ஸ்டீராய்டு மாத்திரைய யாரும் தன்னால நிறுத்தக் கூடாதுன்னு, அதே பக்கத்துல. போன தடவ அந்தக் கட்டுரைக்கு ஒட்டுன மாதிரி முடி நடுற விளம்பரம் நாலு விரக்கடை அகலத்துக்கு இருந்துச்சு, அந்த அளவு எடம் போதும். கொஞ்சம் பெரிய எழுத்தா போடுங்க, ஆட்டோவுல ஏத்தும்போது எங்கம்மா கண்ணாடி விழுந்து ஒடைஞ்சிட்டு, புதுசு இன்னும் வரல.

இப்படிக்கு,
ஒரு சலூன்காரன்,
பாளையங்கோட்டை.